பிரானூர் பார்டரில் எந்த எல்லை?

ஜூன் 14, கேள்வி

"வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டை 1956 வரை கேரளத்தில் இருந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியானால் ஆஷ் துரையைச் சுட்டவர் கேரளக்காரரா? வரலாற்றைத் திரிப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? செங்கோட்டை என்றைக்கும் தமிழ்நாடுதான். ஊர்க்காரர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்."

ஜூன் 14, இரவு

ஊர்க்காரன் நான்தான். எழுதியவரும் தவறு, கேட்டவரும் தவறு.

செங்கோட்டை கேரளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. கேரள மாநிலம் பிறந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதே நாளில்தான் எங்கள் ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன் ஏழு வருடம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், அதற்கும் முன் இருநூறு வருடம் திருவிதாங்கூர் மகாராஜா. "என்றைக்கும் தமிழ்நாடு" என்பதும் நிற்காது. அந்தப் பெயரை மாநிலத்துக்கு வைத்ததே 1969 ஜனவரியில். வாஞ்சி மணியாச்சியில் துப்பாக்கியை எடுத்தது 1911 ஜூன் 17. அன்றைக்கு இந்த இரண்டு மாநிலங்களில் எதுவுமே கிடையாது.

வாஞ்சி திருவிதாங்கூர் பிரஜை, சமஸ்தானத்தின் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். அவர் சுட்டது திருநெல்வேலி கலெக்டரை. தன் ஊரில் அதிகாரமே இல்லாத கலெக்டரை, எல்லை தாண்டிப் போய்ச் சுட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்குச் சொன்னவர் யாருமில்லை. வாஞ்சி சிலைக்கு வரிசையாகக் கூட்டிப் போனார்கள், மாலை போட்டார்கள், சுண்டல் கொடுத்தார்கள்.

ஜூன் 15

"சமஸ்தானமும் வெள்ளைக்காரனுக்கு அடிமைதானே, இதில் என்ன எல்லை?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். மேலிருந்து பார்த்தால் சரிதான். திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் உட்கார்ந்திருந்தார், சமஸ்தானம் கப்பம் கட்டியது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே ஒரு நாணயம், இங்கே ஒரு நாணயம். அங்கே தபால், இங்கே அஞ்சல். அங்கே ஓர் ஆண்டுக் கணக்கு, இங்கே வேறொன்று. இது எல்லை இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

ஜூன் 17

இன்று வாஞ்சி நினைவு நாள். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், புத்தி பரோட்டாவுக்குப் போய்விட்டது.

குற்றாலத்துக்குச் சாரல் சமயத்தில் வருகிறவர்கள் குளித்துவிட்டுப் "பார்டருக்கு" வண்டியைத் திருப்புவார்கள். பிரானூர் பார்டர். கல்லில் பரோட்டாவைப் போட்டு, இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி, நாட்டுக்கோழியோடு தருகிற இடம். கண்டக்டர்களும் "பார்டர் இறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மேற்கே மலையைக் காட்டி, "அந்தப் பக்கம் கேரளாவா?" என்று கேட்பார்கள். கேரள எல்லைக்கு இன்னும் செங்கோட்டையைத் தாண்டி, புளியரையைத் தாண்டி, கோட்டைவாசல் வளைவுகளில் ஏற வேண்டும்.

அப்புறம் இது என்ன பார்டர்? இதுதான் பழைய பார்டர். பிரானூருக்குக் கிழக்கே பிரிட்டிஷ் சீமை, மேற்கே மகாராஜா சீமை. 1956இல் எல்லை மலைமேல் ஏறிப் போய்விட்டது. பெயர் மட்டும் மர அறுவை மில்களுக்கும் பரோட்டாக் கடைகளுக்கும் நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டது.

எங்கள் ஆச்சி "பார்டர்" என்று சொல்ல மாட்டாள். அவளுக்கு அது "சவுக்கை". சுங்கம் வாங்குகிற இடம். 1865இல் பிரிட்டிஷ் அரசும் சமஸ்தானங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டுப் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கத்தை எடுத்துவிட்டன. புகையிலைக்கு விடவில்லை. ஆச்சியின் அம்மா தென்காசிச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது கொசுவத்துக்குள் புகையிலை மடித்து வருவாளாம். சவுக்கைக்காரருக்கும் தெரியுமாம். தெரிந்தும் என்ன செய்வது, பெண்பிள்ளையின் கொசுவத்தில் கை வைக்க முடியுமா?

ஜூன் 18

கொசுவக் கதையை என் வீட்டில் படித்துவிட்டார்கள். "ஊர் முழுக்க நம் பாட்டி கடத்தல்காரி என்று எழுதுவாயா?" என்று சித்தி போனில் கேட்டாள். புகையிலையைத் தவிர வேறு எதையும் கடத்தவில்லை என்று இதன்மூலம் அறிவிக்கிறேன்.

ஜூன் 18, மறுபடி

நாணயம் கேட்டவருக்கு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய். தென்காசியில் செல்லும் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. அந்த அரைச் சக்கர வித்தியாசத்தில்தான் பிரானூர் வட்டிக்கடைக்காரர்கள் வீடு கட்டினார்கள் என்று தாத்தா சொல்வார். அவரும் கட்ட முயன்றிருப்பார், முடியவில்லை, அந்த எரிச்சல்.

அஞ்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூர் தனக்கென்று ஒரு தபால் துறை நடத்தியது, பெயர் அஞ்சல். சங்கு முத்திரை போட்ட பெட்டி, சலங்கை கட்டிய கோலோடு ஓடுகிற அஞ்சல்காரர். 1951இல் இந்தியத் தபால் துறை அதை விழுங்கியது. பிற்பாடு தமிழ்நாடு முழுக்கத் "தபால்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "அஞ்சல் நிலையம்" என்று பலகை வைத்தபோது எங்கள் தெருக் கிழவர்கள் சிரித்தார்களாம். அவர்கள் பிறந்ததிலிருந்து சொன்ன சொல். நடுவில் சில வருடம்தான் தபால்.

ஜூன் 25

"1740களுக்கு முன் யார்?" என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. தென்காசியில் பாண்டியர்கள் கடைசிக் காலத்தை ஓட்டினார்கள். பராக்கிரம பாண்டியன் அங்கே கோயில் எழுப்பத் தொடங்கியது 1446இல். எங்கள் பக்கம் கொட்டாரக்கரையைத் தலைமையாகக் கொண்ட இளையிடத்து சொரூபம் என்ற சிற்றரசின் கையில் இருந்தது. மார்த்தாண்ட வர்மா அதை விழுங்கினார். பிறகு வடகரைப் பாளையக்காரர், ஆற்காட்டு நவாப் என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். இதற்குமேல் எனக்கு ருசி இல்லை. ராஜாக்கள் யாரும் எங்கள் வீட்டுப் பெட்டியில் காகிதம் விட்டுப் போகவில்லை.

விட்டுப் போனது ஒன்றே ஒன்று. ஆச்சி வீட்டு ஆதாரம். (எங்கள் ஊர்ப் பழைய ஆட்களுக்குப் பத்திரம் என்றால் ஆதாரம். இப்போது அந்தச் சொல்லைச் சொன்னால் அட்டையை நீட்டுகிறார்கள்.) நான்காக மடித்த தடித்த தாள். மடிப்பு ஓரங்கள் பொடிந்து, பின்னால் யாரோ சோற்றுப் பசையில் துணி ஒட்டியிருக்கிறார்கள். மேலே சங்கு முத்திரை. எழுத்து தமிழ்தான், ஆனால் பாதிச் சொல் மலை தாண்டி வந்தவை. கிராமத்துக்குப் "பகுதி". வரிக்குக் "கரம்". வரி கட்டியதைக் "கரம் ஒடுக்கி" என்று எழுதியிருக்கிறது. சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு, யாரோ யாருடைய கையையோ முறித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

விலை 1400 பணம். கணக்குப் போட்டால் 200 சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாயில் 196 சொச்சம். தேதி, சமஸ்தானத்தின் ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் 1107 துலாம். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் நம் ஆண்டு. ஆக 1932.

இது எங்கள் குடும்பக் கதையோடு பொருந்துகிறது. ஆச்சிக்குக் கல்யாணம் 1107 தை மாதம். கல்யாணம் முடிந்து வந்தவள், கழுத்தில் இருந்ததையும் கையில் இருந்ததையும் கழற்றிக் கொடுத்து இந்த வீட்டை வாங்கினாள். மூன்று தலைமுறையாக இந்தக் கதைதான். வீட்டில் யார் குரல் உயர்த்தினாலும் ஆச்சி சொல்வது, "இது என் காதும் கழுத்தும். மெதுவாகப் பேசு."

ஜூன் 26

நேற்று எழுதியதில் பிழை. நாகர்கோவில் நண்பர் ஒருவர் இரண்டே வரியில் காட்டிவிட்டார். கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்கத்தில், நம் ஆவணியில். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. துலாம் என்றால் ஐப்பசி. எனவே ஆதாரத்தின் தேதி 1931 அக்டோபர், நவம்பர் வாக்கில். கல்யாணம் 1107 தை, அதாவது மகரம். 1932 தொடக்கம்.

அப்படியானால் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே வீடு வாங்கியாகிவிட்டது.

அப்புறம் எந்தக் காது, எந்தக் கழுத்து?

ஜூன் 27

சித்தி இன்று இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை.

ஜூலை 3

சண்டையிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கிறேன்.

"சமஸ்தான ஆட்சியில் என்ன நன்மை?" என்று ஒருவர் நக்கலாகக் கேட்டிருந்தார். 1936 நவம்பர் 12. சித்திரைத் திருநாள் மகாராஜா, தன் ஆட்சியின் கீழுள்ள கோயில்களில் இந்துக்கள் எந்தச் சாதியாக இருந்தாலும் போகலாம் என்று பிரகடனம் செய்தார். சென்னை மாகாணத்தில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துப்போனது 1939 ஜூலையில்தான். அதைக் காப்பாற்றச் சட்டமும் அதே வருடம் வந்தது. சவுக்கைக்கு மேற்கே திறந்த கதவு கிழக்கே ஏறக்குறைய மூன்று வருடம் சாத்தியே இருந்தது.

நன்மை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனமில்லை. காகிதத்தில் திறந்த கதவு வேறு, தெருவில் திறந்த கதவு வேறு. எங்கள் தெருவில் அந்தக் கதவு எப்போது திறந்தது என்று ஆச்சியிடம் கேட்டேன். அவள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேச்சை மாற்றினாள். எனக்கு அப்போது வயது பதினாறு. பேச்சு மாறியதே பதில் என்று புரிந்துகொள்ள இன்னும் இருபது வருடம் ஆனது.

ஜூலை 9

"செங்கோட்டை வெளிநாடாக இருந்திருக்கும்" என்று நான் எங்கோ சொன்னதை ஒருவர் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். விளையாட்டு இல்லை. 1947 ஜூன் மாதம் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர், வெள்ளையர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவரை வெட்டினார்கள், பிழைத்துக்கொண்டார். சில நாளிலேயே மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். நடுவில் அந்த ஆறேழு வாரம் மட்டும், ஆகஸ்டு 15க்குப் பிறகு பிரானூரில் பாஸ்போர்ட் பார்ப்பார்களோ என்று நினைக்க இடம் இருந்தது.

பரோட்டாவுக்கு விசா என்று யாராவது எழுதும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஜூலை 20

"1954 துப்பாக்கிச்சூடு செங்கோட்டையிலா?" இல்லை. ஆகஸ்டு 11இல் சுட்டது தெற்கே, மார்த்தாண்டம், புதுக்கடைப் பக்கம். தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம், நேசமணி தலைவர். சுட்டது பட்டம் தாணுப் பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்த அரசு பதவி விலக வேண்டும் என்று அதே சோஷலிஸ்ட் கட்சியில் இருந்த லோகியாவே கேட்டார்.

பிறகு மாநிலச் சீரமைப்புக் குழு வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, இவற்றோடு செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி சென்னைக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தெற்கே நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின, நவம்பர் 1 அங்கே பெரிய நாள். எங்களைத் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒட்டவைத்தார்கள். எனவே "குமரி இணைந்த நாள்" என்று எல்லோரும் எழுதுவார்கள், அடிக்குறிப்பில்கூட நாங்கள் வரமாட்டோம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம், பரிமாறுகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி "தாய்த் தமிழகம் மீட்டது" என்ற சொற்றொடர். பலர் இங்கே பயன்படுத்துகிறார்கள். போராடினவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தாய்மொழி தமிழாக இருக்க, தாலுகா ஆபீஸ் மனுவை மலையாளத்தில் எழுதிக் கொடுக்க ஆள் தேடிக் காசு கொடுத்தவர்களுக்கு அது உண்மையான விடுதலை. தாத்தா அன்றைக்கு ஊர்வலத்தில் போனவர். ஆனால் அதே தாத்தாதான், மூத்த மகளைப் புனலூரில் கொடுத்துவிட்டு, "ஒரே ராஜ்ஜியத்தில் கொடுத்தேன், இப்போது வெளி மாநிலத்தில் இருக்கிறாள்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டும் இருந்தது. எனக்கு முதலில் இது முரண்பாடாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

ஜூலை 21

நேற்று "தாலுகா ஆபீஸ் மனு மலையாளத்தில்" என்றேன். அதே ஆதாரம் தமிழில் இருப்பதாக நானே ஜூன் 25இல் எழுதியிருக்கிறேன். பிடித்துவிட்டார்கள். இரண்டும் சரி. சொத்து எழுதிக்கொள்ளத் தமிழ் செல்லும், மேல் ஆபீஸுக்கு மனு ஏற வேண்டுமானால் மலையாளம் இருந்தால் சீக்கிரம் ஏறும். இது தாத்தா சொன்னது, சட்டப் புத்தகத்தில் பார்த்தது அல்ல.

ஆகஸ்டு 2

வீட்டை என் பெயருக்கு மாற்ற அலைந்த கதையை எழுதச் சொல்கிறார்கள். நினைத்தாலே கால் வலிக்கிறது.

ஆதாரத்தை ஓர் அலுவலகத்தில் நீட்டினேன். எழுத்தர் சங்கு முத்திரையைப் பார்த்தார், பின்பக்கத் துணியைத் தடவிப் பார்த்தார், "இது கேரளப் பத்திரம், அங்கே போய்க் கேளுங்கள்" என்றார். மலை தாண்டிப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாக உட்காரவைத்து, கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து, "செங்கோட்டை தமிழ்நாடல்லவா?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் என் வீடு ஒரு வருடம் யாருடையதும் இல்லாமல் நின்றது. கடைசியில் ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர், பழைய பகுதி எண்ணையும் இப்போதைய சர்வே எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அந்தப் பென்சில் சீட்டுதான் காரியத்தை முடித்தது.

அதே கேரள அரசுக்குக் குற்றாலத்தில் ஓர் அரண்மனை இன்னும் சொந்தமாக இருக்கிறது. மகாராஜா சாரலுக்கு வந்து தங்கியது.

செப்டம்பர் 11

ரயிலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கோபம். எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தது 1903இல். அடுத்த வருடம் மலையைக் குடைந்து புனலூருக்கும் கொல்லத்துக்கும் போனது. சமஸ்தானத்தின் தலைநகரமான திருவனந்தபுரம் ரயிலைப் பார்த்தது 1918இல். பதினைந்து வருடம் முன்னால் பார்த்தோம் என்று எங்கள் ஊர் இன்னும் மார்தட்டும்.

அப்போது மாவட்டத் தலைநகரம் கொல்லம், 90 கிலோமீட்டருக்கு மேல். 1956க்குப் பிறகு திருநெல்வேலி. 2019இலிருந்து தென்காசி, பஸ்ஸில் அரை மணி நேரம். தாத்தா வழக்குக்காகக் கொல்லம் போனால் இரண்டு நாள் சோறு கட்டிக்கொண்டு போவார். மீட்டர்கேஜ் பாதையை 2010இல் மூடி, அகலப்பாதை ஆக்கி, 2018இல் திறந்தார்கள். நடுவில் எட்டு வருடம் புனலூர் அத்தை வீட்டுக்கு பஸ்தான். 1956இல் கோடு போட்டார்கள், அத்தை வீடு தூரமாகவில்லை. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், தூரமாகிவிட்டது.

டிசம்பர் 16

மூன்று மாதம் கழித்து வருகிறேன். இன்று ஊரில் இருக்கிறேன்.

மார்கழி பிறக்கும்போது அச்சன்கோவில் ஐயப்பனின் நகைப்பெட்டி எங்கள் ஊர் வழியாகப் போகும். அச்சன்கோவில் கேரளத்தில். நகை வைத்திருப்பது புனலூர்க் கருவூலத்தில், அதுவும் கேரளத்தில். ஆனால் பெட்டி ஆரியங்காவு கடந்து மலையிறங்கி, செங்கோட்டை, தென்காசி, பண்பொழி, மேக்கரை என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றி, மறுபடி மலையேறிக் கேரளத்துக்குள் போகும். கேரள போலீஸ் துப்பாக்கியோடு வண்டியில் இருப்பார்கள், எல்லையில் நம் போலீஸும் சேர்ந்துகொள்வார்கள். பெண்கள் தாம்பாளத்தோடு நிற்பார்கள்.

சங்கு பொறித்த பழைய வளைவைத் தாண்டி நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்ற சிறுவன் "பெட்டிக்குள் என்ன?" என்று கேட்டான். சித்தி முந்திக்கொண்டு, "ஐயப்பனின் காதும் கழுத்தும்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

டிசம்பர் 17

சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. காலையில் காப்பியோடு வந்து ஆதாரத்தை எடுக்கச் சொன்னாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துலாம் என்ற இடத்தை விரலால் தடவினாள். மடிப்பு பொடிந்து "ம்" மட்டும்தான் தெளிவாக இருக்கிறது, இது கும்பமாகக்கூட இருக்கலாமே என்றாள். கும்பம் என்றால் மாசி, மாசி என்றால் கல்யாணம் முடிந்து ஒரு மாதம், 825 கூட்ட வேண்டும், நகைக் கதை நிற்கும்.

முன்னால் "து" தெரிகிறதே என்றேன். அது பூச்சி அரித்த ஓட்டை என்கிறாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டையும் இருக்கிறது.